உயிர்க்குறியும் சொல்லறிதலும்

பெங்களூருவில் உருது நாளேட்டை உயிர்க்குறியின்றி விரைந்து வாசிக்கும் முஸ்லிம் வாசகர், குர்ஆனைக் குறிகள் நிறைந்த படியிலேயே ஓதுவர். கடைப்பலகையில் உள்ள கன்னடத்தையோ உயிர்க்குறி ஒன்றும் குறையாமல் காண்பர். நாளேட்டு வாசிப்பை மட்டும் கொண்டு, தேர்ந்த வாசகர்க்கு உயிர்க்குறி மிகையே எனப் பொதுவிதி காண்பது பொருந்தாது.

அரபியிலேயே முடிவுகள் ஒன்றுபடவில்லை. குறிகள் தேர்ந்தோர்க்கும் துணையாவதைச் சலீம் அபு-ரபியாவின் ஆய்வுகள் காட்டின. அவை கண்ணுக்குச் சுமையாகி வேகத்தைக் குறைப்பதாகப் பின்வந்தோர் சிலர் கண்டனர். வாய்விட்டு வாசித்தலும் சொல்லை இனங்காணலும் ஒரே செயல் அல்ல என்பதை இவ்விவாதம் பலகாலும் மறந்துவிடுகிறது.

அரபியில் விடுபடுவன குறில்களே. நெடில்கள் எழுத்தாகவே நிற்கும். க-த-ப என்னும் மூன்று மெய்கள் 'எழுதினான்', 'எழுதப்பட்டது', 'நூல்கள்' என எவ்வாறு வாசிக்கப்படினும் எழுதுதல் என்னும் பொருட்புலத்தை விட்டு நீங்குவதில்லை. தமிழில் ப-ட என்று மட்டும் எழுதினால் படி, பிடி, பொடி என உறவற்ற சொற்கள் வந்து மோதும். அரபுத்தமிழ் எழுதியோர் இதனை நன்குணர்ந்தனர். குறிகளைக் கைவிடாததோடு, எகர ஒகரங்களுக்குப் புதுக்குறியும் அமைத்தனர்.

ஓலைச்சுவடிகள் புள்ளியின்றி எழுதப்பட்டனவே எனலாம். தொல்காப்பியம் விதித்த புள்ளியை ஏடெழுதுவோர் விட்டமையால் 'கொள' என்னும் ஒரே வடிவம் கொள, கொள், கோள் ஆகிய மூன்றுக்கும் நின்றது. ஆயினும் செய்யுளில் யாப்பு துணைசெய்தது. சீரும் தளையும் பெரும்பாலான ஐயங்களை அறுத்தன. உரைநடைக்கு அத்துணை இல்லை. சுவடியிலுள்ள உரைப்பகுதியைப் பெயர்த்தெழுதுவோர் அவ்வையத்தைச் சொல்தோறும் தாமே தீர்க்க வேண்டியிருக்கிறது.