ஒரு தட்டா, இரண்டு தட்டா?

எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட் பிறந்த ஊர் எங்கள் பினாங்கு. ஸ்குவாஷில் பந்து தரையில் ஒரு தடவை படலாம், இரண்டாம் தடவை பட்டால் புள்ளி போச்சு என்பதைப் பினாங்குக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. தரையை உரசி எடுத்த பந்து ஒரு தடவை பட்டதா, இரண்டு தடவையா என்று சொல்வதுதான் கஷ்டம்.

அதே கேள்வி ஒரு பியானோ கைப்பிரதியில் 200 ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. பேத்தோவன் 1821 டிசம்பர் 25 என்று தேதியிட்ட ஓபஸ் 110 சொனாட்டா அது. மெதுவான பகுதியில் பாட்டு நின்று பேச்சாகிறது. வலக்கை ஒரே ஏ சுரத்தை இருபது தடவைக்கு மேல் தொடுகிறது. இரண்டிரண்டு சுரமாக இணைக்கும் வளைகோடு. இங்கே கிரேடு தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், ஒரே சுரத்தை இணைத்தால் அது டை, முதலாவதை மட்டும் அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஆனால் பேத்தோவன் மேலே 4, 3 என்று விரல் எண் போட்டிருக்கிறார். மோதிர விரலில் தொடங்கி நடுவிரலுக்கு மாறு! இரண்டாவது ஒலிக்கவே போவதில்லை என்றால் விரலை எதற்கு மாற்ற வேண்டும்? அவருடைய மாணவர் செர்னி, ஓபஸ் 69 செல்லோ சொனாட்டாவில் வரும் இதே குறியைப் பற்றி, இரண்டாவது சுரம் மெல்லக் காதில் விழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அது வேறு படைப்பு, எழுதியதும் பல வருடம் கழித்து என்பார்கள் மறுதரப்பினர். நியாயமான வாதம். இருந்தும் என் தீர்ப்பு இரண்டு தட்டுதான்.

காரணம், பழைய கிளாவிகார்டு. அதில் அழுத்திய விரலை எடுக்காமலே அசைத்தால் சுரம் நடுங்கும். ஜெர்மானியர் அதை பேபுங் என்றார்கள், நடுக்கம் என்றே பொருள். நம் கர்நாடக இசைக் காதுக்கு அது கம்பிதம் என்ற கமகம். பியானோவின் சுத்தியல் கம்பியை அடித்த கையோடு விலகிவிடுகிறது, அங்கே அந்த நடுக்கத்துக்கு வழியில்லை. இரண்டாவது விரலின் மெல்லிய தொடுகைதான் அதற்கு ஈடு. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டபோது, ஒவ்வொரு கமகத்துக்கும் குறி போட்டு, அதை எப்படி வாசிப்பது என்று விளக்கமும் எழுதிவைத்தார். பேத்தோவன் நமக்குத் தந்தது ஒரு வளைகோடும் இரண்டு எண்களும்.

போன வாரம் மாடிவீட்டுப் பெண்ணிடம் அந்த ஒரு வரியை வாசிக்கச் சொன்னேன். முதலில் இரண்டையும் சமமாக அடித்தாள். கதவைத் தட்டுவது போல இருந்தது. கட்டையை முழுக்க மேலே விடாதே, பாதி எழும்பும்போதே நடுவிரலால் அமுக்கு என்றேன். சுவரோரம் நிற்கும் அவர்கள் பியானோவில் இது லேசில் வராது. கட்டை இன்னும் கொஞ்சம் எழும்பினால்தான் ஒலி பிடிக்கும். ஏழெட்டுத் தடவை ஒலியே வரவில்லை. பிறகு வந்தது.

“இப்ப யாரோ தேம்பி அழற மாதிரி இருக்கு, அங்கிள்.”

அடுத்து வரும் பகுதிக்குப் பேத்தோவன் வைத்த தலைப்பு புலம்பல் பாட்டு. அந்தப் பக்கத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.