காகிதப்பூவின் கள்ளத்தனம்

பங்குனி பிறந்தால் ஊரே மல்லிகை வாங்க அலையும். என் ஓட்டு காகிதப்பூவுக்கு. மதிலில் ராணி கலரில் கொட்டிக் கிடக்கிறதே, ஒரு கொத்தைப் பறித்துப் பாருங்கள். பூ என்று நாம் நம்புவது மூன்று இலைகள்தான். நரம்பு ஓடுவதுகூடத் தெரியும். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டி நிற்கும் மெல்லிய குழல், அதன் நுனியில் விரியும் வெள்ளைப் பொட்டு, அதுதான் அசல் பூ. மணமில்லை, தலையில் சூட முடியாது. அதனால்தான் இந்தத் தென் அமெரிக்கக் கொடி மீது நமக்கு இத்தனை அலட்சியம்.

பக்கத்தில் குரோட்டன்ஸ் இருந்தால் இன்னும் எடுப்பு. ஆனால் அதை நிழலில் வைத்தால் இலையின் மஞ்சளும் சிவப்பும் போய்ப் பச்சையாகிவிடும். காகிதப்பூவைத் தினமும் தண்ணீர் ஊற்றிச் சீராட்டாதீர்கள். இலையாகத் தழைக்கும், பூக்காது. தொட்டி மண் நன்றாகக் காய்ந்தபின் ஊற்றினால் போதும்.