அடிக்குரலின் தனிக் கச்சேரி

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையிற் பாதிப்பேர் காப்பிக்கு எழுந்து போவது நாம் அறிந்த காட்சி. இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கி நின்ற மிருதங்க வித்வானுக்குத் தனியே பேசக் கிடைப்பவை சில நிமிஷங்கள்; அவற்றையும் நாம் ஓய்வு வேளையாகவே கொள்கிறோம். தாங்குவோனுக்குத் தனிப் பேச்சு இல்லை என்னும் எண்ணம் நம் செவியிற் குடியேறிவிட்டது. இவ்வெண்ணம் சரிதானா என்பதை மேல்நாட்டுச் சங்கீதத்தின் பின்வரிசை வாத்தியமொன்றைக் கொண்டு ஆராய்வோம்.

பிடில் குடும்பத்தில் எல்லாவற்றிலும் பெரியது டபிள் பேஸ். ஆளை மிஞ்சும் உயரம். பெரும்பாலும் நான்கு தடித்த தந்திகள். எழுதிய சுரத்திற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் குரல். 1998-இல் தோன்றிய மலேசிய பில்ஹார்மோனிக் குழுவின் கச்சேரிக்குக் கோலாலம்பூர் சென்றவர்கள், மேடை ஓரத்தில் இதனை நின்றவாறோ உயர்ந்த முக்காலியில் அமர்ந்தோ வாசிப்போரைக் கண்டிருப்பர். பிறர் பாடுவதற்கு அஸ்திவாரமிடுவதே இவர்தம் தொழில்.

இவ்வாத்தியத்தைத் தனியே பேசவைத்த வித்வான்கள் முன்னரும் இருந்தனர். டோமினிக்கோ டிராகொனெட்டி (1763–1846), செலோவுக்கென்று பீத்தோவன் இயற்றிய சொனாட்டா ஒன்றை 1799-இல் இதிலே வாசித்து அம்மேதையையே வியப்பில் ஆழ்த்தினார். ஜியோவானி போட்டெசினி (1821–1889) நாடகப் பாடல்களை இதன் உச்ச ஸ்தாயியில் இழைத்துப் பாடவைத்து, ‘டபிள் பேஸின் பகனீனி’ என்று பெயர் பெற்றார். இவர்தம் திறமை பெரிதென்பதிற் சந்தேகமில்லை. எனினும், “பிடிலைப் போலவே பாடுகிறதே!” என்பதன்றோ அவ்வாத்தியத்திற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம்? கீழோன் மேலோனைப் போல் ஒலித்தான் என்று பாராட்டினார்கள். கீழ்க்குரலுக்கு உரிய மதிப்பு அப்போதும் கிட்டவில்லை.

வேறு வழி காட்டியவர் அமெரிக்கரான பார் பிலிப்ஸ் (1934–2024). 1968-இல் லண்டனில் ஒரு தேவாலயத்தில் இவர் தனியே வாசித்ததை, மின்னொலிச் சங்கீதம் இயற்றும் ஒருவர் தம் படைப்புக்கு மூலப்பொருளாகவே பதிவு செய்தார். கேட்டபின், இதனை வெட்டி ஒட்டவேண்டுவதில்லை, இதுவே முழுச் சங்கீதம் என்று கண்டு அப்படியே வெளியிடச் செய்தார். ‘ஜர்னல் வயலோன்’ என்னும் இசைத்தட்டு இவ்வாறே பிறந்தது. பாலை வடித்துக் கொடுப்பது நம் வேலை, அது பொருளாவது அயல்நாட்டில் என்று தலைமுறை தலைமுறையாக ரப்பர் மரத்தடியில் நின்றவர்கள் நாம். மூலப்பொருளே முதற்பொருளான இக்கதையின் சுவை நமக்கு நன்கு விளங்கும்.

அத்தட்டிற் குறையில்லாமலில்லை. சில இடங்களில் வித்வான் சிந்திப்பதைவிடச் சோதிப்பதே மிகுதி. வில்லால் இன்னின்ன ஓசைகள் எழுப்பலாம் என்று அடுக்கிக் காட்டுவது சலிப்பூட்டுகிறது. ஆனால், ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்து, 2017-இல், தம் எண்பத்திரண்டாம் வயதில் வாசித்து 2018-இல் வெளியிட்ட ‘எண்ட் டு எண்ட்’ என்னும் தட்டில் அக்குறை தீர்ந்துவிட்டது. சிறு சிறு துண்டுகள், துண்டுகளினிடையே மௌனம், தந்தியை மீட்டிவிட்டு அவ்வொலி தானே அடங்குமட்டும் காத்திருக்கும் பொறுமை. எதையும் நிரூபிக்கவேண்டாத ஒருவரின் பேச்சு அது.

“இது சங்கீதமா, வெறும் உறுமலா?” என்று கேட்பாருமுண்டு. அவர்களை நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அழைக்கிறேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உருமி எழுப்பும் அந்த முனகலைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, பிலிப்ஸின் வில் அடித்தந்தியில் அரைந்து எழுப்பும் நாதம் அந்நியமாகாது. உருமியையும் தப்பையும் இழிந்தோர் கருவி என்று ஒதுக்கியது செவியன்று, சாதியே.

இதனை எழுதும் நானும் குற்றமற்றவனல்லன். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கிறேன். ஆபீசுக்கு வந்த ஒருவர், “வெள்ளைக்காரனைப் போலவே பேசுகிறீரே!” என்றபோது உள்ளம் குளிர்ந்தேன். அன்றிரவு பிலிப்ஸின் வாசிப்பைக் கேட்கையிலேதான் வெட்கம் வந்தது. போட்டெசினிக்குக் கிடைத்த பத்திரமே எனக்கும் கிடைத்திருந்தது. அவருடைய திறமைதான் கிடைக்கவில்லை!

அன்பர்களே, உயர்வென்பது மேலிருப்போனின் குரலைக் கடன் வாங்குவதன்று. தன் குரலின் ஆழம் வரை இறங்கிப் பேசுவதே. அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது காப்பி ஆறட்டும். நாம் அமர்ந்து கேட்போம்.