லைசென்ஸ் கண்காணிப்பு: எண்ணுவது எதை?

கட்டட வரைபடமும் இயந்திர வடிவமைப்பும் செய்யும் அலுவலகங்களில் மென்பொருள் லைசென்ஸுக்கு ஆண்டுதோறும் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த லைசென்ஸ் சும்மா கிடக்கிறது, எது போதவில்லை என்று காட்டுகிறோம், அடுத்த புதுப்பித்தலில் மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வரும் கண்காணிப்புக் கருவிகளை அங்கே யாரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. வண்ண வண்ணக் கட்டங்கள், விழுக்காடுகள், ஆள்வாரிப் பட்டியல் என்று பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. அவை அளப்பது எதை, அந்த அளவை நம்பிச் செக்கில் கையெழுத்துப் போடலாமா என்று பார்ப்போம்.

ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் மேலாளரை எடுத்துக்கொள்கிறேன். 1980களின் இறுதியில் வந்தது. பல கை மாறி, இப்போது ஃப்ளெக்ஸ்நெட் என்ற பெயரில் ரெவெனெரா நிறுவனத்திடம் இருக்கிறது. ஆட்டோகேட், மேட்லேப், ஆன்சிஸ் எனப் பொறியாளர்கள் புழங்கும் பல மென்பொருள்கள் இதைச் சார்ந்து ஓடியிருக்கின்றன. அலுவலகத்தில் ஒரு சர்வர், அதில் இத்தனை லைசென்ஸ் என்று சொல்லும் ஒரு கோப்பு. ஒருவர் மென்பொருளைத் திறந்தால் கையிருப்பில் ஒன்று குறையும், மூடினால் ஒன்று கூடும். கல்யாணப் பந்தி மாதிரி, எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காராத வரை 40 பேருக்கு 15 இலை போதும். இதுதான் ஃப்ளோட்டிங் லைசென்ஸ். கண்காணிப்புக்கு உண்மையான வேலை இருப்பதும் இங்கேதான்.

மலிவான கருவிகள் பலவும் செய்வது ஒன்றுதான். சர்வரோடு சேர்ந்தே வரும் எல்எம்ஸ்டாட் கட்டளையைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டி, அந்த நொடியில் லைசென்ஸ் யார் யாரிடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். கால் மணிக்கு ஒருமுறை பார்த்தால், நடுவில் ஐந்து நிமிடம் ஒரு படத்தைத் திறந்து பார்த்து மூடியவர் கணக்கில் வராமலே போகலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, லைசென்ஸ் கேட்டு மறுக்கப்பட்டுத் திரும்பிப் போனவர் அந்தப் பட்டியலில் இருக்கவே மாட்டார். போதுமா போதாதா என்று பார்க்க வாங்கிய கருவிக்குப் போதாமை கண்ணில் படாது.

அது படுவது சர்வர் எழுதும் டீபக் லாக்கில். ஒவ்வொரு வரியிலும் மணி, நிமிடம், நொடி. பிறகு அவுட், இன், டினைடு என்பதில் ஒன்று. அதன்பின் எந்த மென்பொருள், எந்த ஆள், எந்தக் கணினி என்ற விவரம். வேடிக்கை என்னவென்றால், இந்த வரிகளில் தேதி கிடையாது. இடையிடையே வரும் டைம்ஸ்டாம்ப் வரியில்தான் அது இருக்கும், படிக்கிற நிரல் அதை நினைவில் வைத்துக்கொண்டே போக வேண்டும். சர்வரைத் தொடங்கும் கட்டளையில் லாக் கோப்பின் பெயருக்கு முன் ஒரு கூட்டல் குறி போட மறந்தாலோ, ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் பழைய லாக் அழிந்து புதிதாக எழுதப்படும். ஓர் ஆண்டுக் கணக்கு ஒரு மின்வெட்டில் காலி. இந்தக் குறி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் கண்காணிப்பு மென்பொருளுக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம்.

லாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டினைடு என்று 200 வரி இருந்தால் 200 பேர் தவித்தார்கள் என்று பொருளல்ல. கிடைக்காத ஒருவர் எரிச்சலில் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறைக்கும் வரி சேரும். தனி மென்பொருளும் அதையே உள்ளடக்கிய தொகுப்பும் சேர்த்து வைத்திருக்கும் அலுவலகத்தில், முதலில் ஒன்றைக் கேட்டு மறுக்கப்பட்டு, அடுத்த நொடியே மற்றதிலிருந்து லைசென்ஸ் கிடைத்திருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, லாக்கில் மட்டும் மறுப்பு நிற்கும். இந்த வரிகளை அப்படியே கூட்டிச் சிவப்புக் கட்டத்தில் போட்டு, இன்னும் 5 வாங்குங்கள் என்று சொல்லும் அறிக்கை குப்பைக்கூடைக்குத்தான் ஆகும். பார்க்க வேண்டியது காத்திருப்பை. ஒருவருக்கு முதல் மறுப்பு வந்ததற்கும் லைசென்ஸ் கைக்கு வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? அரை நிமிடம் என்றால் விட்டுவிடலாம். வாரத்தில் மூன்று நாள் ஆளுக்கு ஒரு மணி நேரம் போகிறது என்றால், அந்தச் சம்பளத்தையும் லைசென்ஸ் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மறுக்கப்பட்டு அன்று திரும்பி வராமலே போனவர் என்ன செய்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவுட் என்றால் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிடப் போனவர், மீட்டிங்கில் இருப்பவர், ராத்திரி மூடாமல் வீட்டுக்குப் போனவர் எல்லாரும் அதில் அடக்கம். வெளியூர் வேலைக்காக லைசென்ஸை மடிக்கணினிக்குக் கடன் வாங்கிப் போனவர், கெடு முடியும் வரை இரவு பகலாக உழைப்பவராகவே தெரிவார். சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் டைம்அவுட் என்று ஒரு வரி சேர்த்தால், குறித்த நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும் மென்பொருளிடமிருந்து சர்வரே லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மென்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், ஆனால் செலவு எதுவும் இல்லை. அதைச் செய்யாமல், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை லைசென்ஸ் வெளியே இருந்தது என்று எடுத்த உச்சக் கணக்கு, வேலையோடு சோம்பலையும் சேர்த்து எண்ணிய கணக்கு.

இதே லாக்கை வருகைப் பதிவேடாக்கும் ஆசை சில மேலாளர்களுக்கு வரும். யார் எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு மூடினார் என்பது ஆள் பெயரோடு இருக்கிறதே! செய்து பார்க்கட்டும். விஷயம் தெரிந்த மறுநாளே எல்லாரும் காலையில் வந்ததும் மென்பொருளைத் திறந்து வைத்து மாலையில்தான் மூடுவார்கள். உச்சம் ஏறும், லைசென்ஸ் போதாது, புதிதாக வாங்க வேண்டிவரும். ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையைக் கண்காணிக்கத்தக்க தொழில்நுட்பக் கருவியைக் கொண்டுவர, ஊழியர் மன்றம் இருக்கும் நிறுவனங்களில் அதன் ஒப்புதலும் வேண்டும். அறத்துக்காக இல்லாவிட்டாலும் கணக்குக்காகவாவது அந்த ஏற்பாடு நல்லதுதான்.

இந்தக் கருவிகளுக்கு உண்மையான தேர்வு 2020இல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 முதல், ஆட்டோகேட்டை விற்கும் ஆட்டோடெஸ்க் தன் ஃப்ளோட்டிங் சந்தாக்களை விலக்கிக்கொள்ளத் தொடங்கியது. ஒன்றைக் கொடுத்தால் ஆள் பெயருக்கு எழுதும் லைசென்ஸ் 2, ஏறக்குறைய பழைய விலைக்கே. ஒரு பேச்சுக்கு, 15 ஃப்ளோட்டிங் லைசென்ஸை 40 பேர் பகிர்ந்துகொண்ட அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றினால் 30 பெயர், மிச்சம் 10 பேர் வெளியே. அதே 15ஐ 26 பேர் மட்டுமே தொட்டிருந்தால் 4 லைசென்ஸ் லாபம். இரண்டு அலுவலகத்திலும் உச்சப் பயன்பாடு ஒன்றாகவே இருந்திருக்கலாம். கருவிகள் அத்தனை காலம் கொட்டை எழுத்தில் காட்டிவந்த உச்சம் இந்த முடிவுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. வேண்டியிருந்தது, ஆண்டு முழுவதும் ஒருமுறையாவது திறந்த ஆட்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை நாள் என்பது. 2021இல் திறக்கும் நாளுக்கு மட்டும் டோக்கன் கழியும் ஆட்டோடெஸ்க்கின் ஃப்ளெக்ஸ் முறை வந்தபோதும் அந்த நாள் கணக்குதான் தேவைப்பட்டது. டீபக் லாக்கை அழியாமல் வைத்திருந்தவருக்கு இரண்டும் ஒரு சிறு நிரலில் கிடைத்துவிடும். பெயர்வாரி லைசென்ஸுக்கு மாறிய பின் அந்தப் பதிவு விற்றவரின் கிளவுடில் இருக்கிறது. அவர் காட்டும் அளவுக்குத்தான் நமக்குத் தெரியும்.

பயன்பாட்டை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் பலனில்லாத ஒப்பந்தங்களும் உண்டு. 2023 ஜனவரியில் ஆரக்கிள் ஜாவா சந்தாவின் கணக்கை மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு மாற்றியது. பகுதிநேரத்தாரும் தற்காலிகப் பணியாளரும் அதில் சேர்வார்கள். ஜாவாவைத் தொடுபவர் மூவரே ஆனாலும் கட்டணம் எல்லாருக்கும். அங்கே தேவை, எந்தக் கணினியில் அது நிறுவப்பட்டிருக்கிறது என்று தேடி எடுத்து, ஜாவாவின் இலவச வடிவமான ஓப்பன்ஜேடிகே பக்கம் போவது. தணிக்கை வந்தாலும் இதே நிலைதான். பொதுவாகத் தணிக்கையாளர்கள் பார்ப்பது நிறுவலையும் வாங்கிய ஆவணத்தையும். திருட்டு நகலைத் தெரிந்தே பயன்படுத்துவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாளிலிருந்து 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் பயன்பாட்டு வரைபடம் கேடயமாகாது, இன்வாய்ஸ் ஆகும்.

ஆகவே ஒரே சர்வரும் இரண்டு மூன்று மென்பொருளும் உள்ள அலுவலகம் இந்தக் கருவிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே என் தீர்ப்பு. கூட்டல் குறி, டைம்அவுட் வரி, புதுப்பித்தலுக்கு முன் லாக்கைப் படித்துக் கணக்கெடுக்க ஓர் ஆள், இவ்வளவு போதும். ஊர் ஊராகக் கிளைகளும் வெவ்வேறு லைசென்ஸ் மேலாளர்களும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வாங்கலாம், எல்லாப் பதிவையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வசதிக்காக. அப்போதும் விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி: லாக்கைப் படிக்கிறதா, வெறும் எல்எம்ஸ்டாட்தானா? தரவை முழுதாக வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொரு மேசைக் கணினியிலும் ஏஜென்ட் நிறுவி விசையையும் மவுஸையும் எண்ணும் வகையை, சர்வரே இல்லாத மென்பொருள் அலுவலகச் செலவில் பெரும்பங்கு எடுக்கும்போது, ஓரிரு மாத அளவெடுப்புக்கு மட்டும் ஒப்புக்கொள்வேன், அதுவும் ஆள் பெயரை மறைத்து.