இரட்சணிய யாத்திரிகத்தில் மனந்திரும்புதலும் மீட்பும்

கிறித்தவ சமயத்தில் மீட்புக்கு மனந்திரும்புதல் இன்றியமையாதது. எனினும், அது மீட்பைப் பெறச் செலுத்தும் விலையா, மீட்பரை நோக்கிய திருப்பமா என்பது ஆய்வுக்குரியது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) இவ்வினாவுக்குக் கதையமைப்பின் வாயிலாகவே விடை தருகிறது.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவியது இக்காப்பியம். மூலக்கதையின் பயணி தன் பாவச்சுமையை உணர்ந்து அழுகிறான். அழிவின் நகரை விட்டு வெளியேறுகிறான். அவனது கண்ணீர் சுமையை இறக்கவில்லை. இடுக்கமான வாயிலைக் கடந்த பின்னரும் அது நீங்கவில்லை. சிலுவையின் அருகிலேயே கழன்று விழுகிறது. ஆகவே, மனந்திரும்புதல் பாவத்திற்கு ஈடாவதில்லை. ஈடு செய்தவரை நோக்கி மனிதனை நடக்கச் செய்கிறது. ஆயினும், புறப்படாதவன் சிலுவையை அடைவதில்லை என்பதால் அதன் இன்றியமையாமை குறைவதுமில்லை.

பனியன் சுருக்கமாகக் கூறிச் செல்லும் சிலுவை நிகழ்வைக் கிருஷ்ணபிள்ளை அவ்வாறு விட்டுவிடவில்லை. குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். இதனைக் காப்பிய மரபுக்குரிய வருணனையாக மட்டும் கொள்வது பொருந்தாது. தண்டனைக்கு அஞ்சித் தொடங்கிய பயணத்தின் நடுவே பிறர்க்காகத் துன்புற்ற அன்பு முன்னிறுத்தப்படுகிறது. அச்சத்தில் தோன்றிய மனமாற்றம் அன்பினால் உருகி நிறைவுறுகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற புலவரிடம் தமிழ்ப் பக்தி மரபின் செல்வாக்கை இவ்வுருக்கத்தில் காணலாம்.

சுமை நீங்கிய பின்னும் பயணம் முடிவதில்லை. குன்றின் இடைவழியில் உறங்கிச் சுருளைத் தவறவிட்ட பனியனின் பயணி, வருந்தி வந்த வழியே மீள்கிறான். மீட்கப்பட்டவனுக்கும் மனந்திரும்புதல் தேவை என்பதே இக்கதை வலியுறுத்தும் உண்மையாகும்.