தூ பூவின் ‘புதுமணப் பிரிவு’

சீன நாட்டிலே தாங் மரபினர் ஆட்சிக்காலத்தில், கி.பி. 755இல் ஆன் லூசான் என்னும் படைத்தலைவன் மூட்டிய கிளர்ச்சி 763 வரை நீடித்தது. அது பிரித்த காதலரைப் பாடிய செய்யுள்களுள் உலகறிந்தது, பாய் ஜுயி 806இல் இயற்றிய ‘முடிவிலாத் துயர்’ப் பாட்டேயாம். பேரரசன் சுவான்சொங்கும் அவன் காதற்றேவி யாங் குவிபெய்யும் அதன் தலைமக்கள். ஆயினும், அப்போரை நேரிற் கண்ட தூ பூ (712–770) பாடிய ‘புதுமணப் பிரிவு’ அதனினும் ஆழமான துன்பியற் பாட்டு என்பதே எம் கருத்து.

759ஆம் ஆண்டு இளவேனிலில் அரசப்படை யெசெங் நகர்ப்புறத்தே தோற்றுப் பின்வாங்கி, ஹெயாங்கைக் காத்து நின்றது. குறைந்த படையை நிரப்ப ஊர்தோறும் ஆள் பிடித்தனர். லோயாங்கிலிருந்து தன் பணியிடத்துக்கு மீண்ட தூ பூ, வழியிற் கண்டவற்றை ஆறு பாட்டுக்களிற் பாடினான். அவற்றுளொன்றாகிய இது, மாலையில் மணந்து விடியலிற் கணவனைப் போருக்கு விடுக்கும் ஏழைப் பெண்ணொருத்தியின் கூற்று. புலவன் இடையிற் புகுந்து ஒரு சொல்லும் உரைத்தானல்லன்.

அவளை வாட்டுவது பிரிவு மட்டுமன்று, தன் நிலையுமாம். சீனர் பண்டை வழக்கிலே, முன்னோர் வழிபாடு முதலாய சடங்குகள் நிறைவுற்ற பின்னரே மணமகள் அக்குடும்பத்து மருமகளாவாள். இவளுக்கோ அதற்குப் பொழுதில்லை. மாமன் மாமியரை எம்முறை பற்றி வணங்குவது என வினவுகிறாள். கணவன் மாண்டால் இவள் கைம்பெண்ணா, கன்னியா? பாட்டு இதனை வெளிப்படக் கேட்கவில்லை; படிப்போர் கேளாதிருத்தல் அரிது. ஒருத்தியின் உறவுப்பெயரையே போர் பறித்துக்கொண்டது.

பிற்பகுதியில், புதுமணத்தை நினையாது போர்த்தொழிலில் முயல்கவென அவள் கணவனை ஊக்குகிறாள். இதனை நாட்டுப்பற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வாருமுளர். வகுப்பறைக்கு அது வசதியான உரைதான். ஆனால், அரிதின் முயன்று பெற்ற பட்டாடையை இனி அணியேன் என்று, முகத்திற் பூசிய செந்நிறத்தை அவன் கண்முன்னே கழுவுகிறாளே! சாவிடத்துக்குச் செல்கின்றாய் என்று சற்று முன்னர்க் கூறியவளும் இவளேயன்றோ? அவ்வூக்கமொழிக்குப் பின்னே நிற்பது வீரமன்று, வேறு வழியின்மை.

இரு பாட்டுக்களின் இறுதிப் பகுதியிலும் இணைப்பறவைகள் வருதல் நோக்கற்பாலது. பாய் ஜுயியின் காதலர் விண்ணிற் சிறகிணைந்த பறவைகளாவோம் என்று சூளுற்றவர். 756இல் படைவீரர் வற்புறுத்தத் தேவியைச் சாகவிட்டவன் அவ்வரசனே. எனினும் அவன் பொருட்டுத் தாவோ சமயத் துறவியொருவன் மேலுலகம் வரை தேடிச் சென்று, அச்சூளுரையை மீட்டுக் கொணர்கிறான். மணமகள் காண்பனவோ, பெரிதும் சிறிதுமாய் இணையிணையாகப் பறந்து செல்லும் வெறும் பறவைகள். அவள் பொருட்டுத் தூது செல்வார் எவருமிலர். இத்தனைக்கும், கணவன் சென்ற ஹெயாங் நெடுந்தொலைவிலும் இல்லை.