நினைவகப் புரட்சி: வேகம் எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை

"இன்-மெமரி டேட்டாபேஸ்" என்ற சொல்லை எங்கள் துறையில் பதினைந்து வருடங்களாக மந்திரம் மாதிரி உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். எஸ்ஏபி நிறுவனர்களில் ஒருவரான ஹாஸோ பிளாட்னர், அன்றாடப் பரிவர்த்தனைக்கும் ஆய்வறிக்கைக்கும் ஒரே டேட்டாபேஸ் போதும் என்று 2009-ல் சிக்மாட் மாநாட்டில் ஒரு கட்டுரை வைத்தார். 2011-ல் ஹானா விற்பனைக்கு வந்தது. 2015 பிப்ரவரியில் அதன்மேல் எழுதப்பட்ட எஸ்/4ஹானா வந்தது. அதே வருடம் பிளாட்னரும் பெர்ன்ட் லூகர்ட்டும் சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார்கள், தலைப்பிலேயே "புரட்சி" என்ற சொல்லோடு.

அந்தப் புரட்சியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு விற்பனைப் பேச்சு என்பதுதான் இந்தக் குறிப்பின் கேள்வி. திருச்சியில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் "ஹானா கோர்ஸ் சேரலாமா?" என்று கேட்கும்போது ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடிவதில்லை. அதற்கான நீண்ட பதில் என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வேகம் எங்கிருந்து வருது?

சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு இடத்தைத் தேடிப் படிக்கச் சில மில்லிசெகண்ட் ஆகும். ரேமில் அதே வேலை நூறு நானோசெகண்ட் அளவில் முடிந்துவிடும். வித்தியாசம் பல்லாயிரம் மடங்கு. விளம்பரத்தில் வருவது இந்தக் கணக்குதான். ஆனால் எஸ்எஸ்டி வந்தபிறகு இடைவெளி ஆயிரம் மடங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதனால் ரேம் என்பது கதையில் பாதிதான். மீதிப் பாதி, தரவை அடுக்கும் முறை.

காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பில் புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் தேதி, வாங்கியவர், சரக்கு, எடை, விலை. இந்த வருடம் சின்ன வெங்காயம் மொத்தம் எத்தனை கிலோ போச்சு என்று கேட்டால், எல்லா வரியையும் முழுசாகப் புரட்ட வேண்டும். பழைய டேட்டாபேஸ் இப்படித்தான், வரிசை வரிசையாக வைக்கும். ஹானா மாதிரியானவை பத்தி பத்தியாக வைக்கின்றன. சரக்குப் பத்தி தனி, எடைப் பத்தி தனி. கேள்விக்குத் தேவையான பத்திகளை மட்டும் படித்தால் போதும். அதோடு "சின்ன வெங்காயம்" என்பதை ஒரே ஒரு முறை அகராதியில் எழுதி ஒரு எண் கொடுத்துவிட்டால், பத்தியில் அந்த எண் மட்டும்தான் இருக்கும். இடமும் மிச்சம், தேடலும் சுலபம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பில்லை முழுசாக எடுக்க எல்லாப் பத்தியிலிருந்தும் பொறுக்கிச் சேர்க்கணும். புதுசாக எழுதுவதும் பத்தி அமைப்பில் கஷ்டம். அதனால் புது வரவுகளை முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்து, பிறகு மூலப் பகுதியோடு கலக்கிறார்கள். "எல்லாமே வேகம்" என்பவர் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

பேரேட்டைத் தூக்கிப் போட்ட துணிச்சல்

என் பார்வையில் பிளாட்னரின் அசல் பங்களிப்பு ரேம் இல்லை. கணக்குப் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்ட ஒரு கேள்விதான்.

நம் ஊர்க் கணக்கில் நாளேடு, பேரேடு, ஐந்தொகை என்று வரும். நடந்தது நாளேட்டில். அதைத் தலைப்புவாரியாகத் தொகுத்தது பேரேடு. பேரேடு ஏன் தேவைப்பட்டது? ஒவ்வொரு தடவையும் நாளேடு முழுக்கக் கூட்டிப் பார்க்க மனுஷனால் முடியாது என்பதால். கம்ப்யூட்டர் வந்தபிறகும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தோம். எஸ்ஏபி-யின் பழைய ஆர்/3-ல் பதிவு வரிகளுக்கு ஒரு டேபிள், மாத மொத்தங்களுக்கு இன்னொன்று, பாக்கி உள்ளவை, தீர்ந்தவை என்று துணை டேபிள்கள் வேறு. ஒரு பதிவு போட்டால் இத்தனையையும் திருத்தணும். ஒரே மொத்த வரியைப் பலர் ஒரே நேரத்தில் திருத்த வந்தால் ஒருத்தர் பூட்டியிருக்க மற்றவர்கள் காத்திருக்கணும்.

நாளேட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கூட்ட முடியும் என்றால் பேரேட்டை எழுதியே வைக்க வேண்டாமே என்றார் பிளாட்னர். எஸ்/4ஹானாவில் நிதிக் கணக்கும் செலவுக் கணக்கும் ஏசிடாக்கா என்ற ஒரே டேபிளில் சேர்ந்தன. சரக்கு நடமாட்டத்துக்கு மேட்டாக். மாதக் கடைசியில் நிதிப் பிரிவும் செலவுப் பிரிவும் உட்கார்ந்து "உங்க எண்ணும் எங்க எண்ணும் ஏன் ஒத்துப்போகல" என்று சண்டை போடும் ஒரு பெரிய காரணமே அடியோடு போச்சு. இது நிஜமான சாதனை. இதற்கு மட்டும் புரட்சி என்ற சொல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மனப்பாடமும் ஓலையும்

"மெமரியில் இருந்தால் கரண்ட் போனால் என்ன ஆகும்?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். சரியான கேள்வி. ஸ்ரீரங்கத்தில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கும் பெரியவர்கள் பலருக்கு நாலாயிரமும் மனப்பாடம். அதற்காக ஓலையும் அச்சுப் பிரதியும் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஹானாவும் அப்படித்தான். ஒவ்வொரு பரிவர்த்தனையும் உறுதியாகும்போது அதன் பதிவு டிஸ்கில் எழுதப்படும். மாறிய பக்கங்கள் எல்லாம் இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்குக்குப் போகும். டிஸ்க் ஒழியவில்லை, வேலை மாறியிருக்கு, அவ்வளவுதான். ரேம் விலை அதிகம் என்பதால் பழைய தரவை ஒதுக்கி வைக்கும் ஒழுங்கும் முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுது. "இனி எல்லாத்தையும் மெமரியில் வச்சுக்கலாம்" என்று ஆரம்பித்த நிறுவனங்கள், இரண்டாவது வருட சர்வர் பில்லைப் பார்த்ததும் இந்தப் பாடத்தைப் படித்துக்கொள்கின்றன.

நிமிடத்துக்கு நூறு பெட்டி

வேகம் எங்கே நிற்கும் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஐஆர்சிடிசி. 2014 ஏப்ரல் 28-ல் புது மின்-டிக்கெட் அமைப்பு தொடங்கியது. அதற்கு முன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்று இருந்த திறன் 7,200 ஆனது. ஒரே நேரத்தில் 40,000 பேரைத் தாங்கியது 1,20,000 பேரைத் தாங்கியது. இதில் ஜெம்ஃபயர் என்ற இன்-மெமரி டேட்டா கிரிட்டுக்கு முக்கியப் பங்கு. இது ஹானா மாதிரி முழு டேட்டாபேஸ் இல்லை. அடிக்கடி கேட்கப்படும் தரவைப் பல சர்வர்களின் மெமரியில் பிரித்து வைக்கும் அடுக்கு. பின்னால் இருந்த முன்பதிவு அமைப்பு பழைய ஓபன்விஎம்எஸ் இயந்திரங்களில்தான் ஓடியது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் பழைய வகையில் 72 படுக்கை. டிக்கெட்டுக்கு ஒருவர் என்று வைத்தாலும் 7,200 டிக்கெட் என்பது நிமிடத்துக்கு நூறு பெட்டி. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அத்தனை பெட்டி இல்லை, தீபாவளிக்கு முந்தின நாளும் இல்லை. சாஃப்ட்வேர் வேகமானதும் படுக்கை கூடவில்லை, தீரும் நேரம்தான் குறைந்தது. முன்பு சைட் தொங்கியதால் டிக்கெட் கிடைக்கவில்லை, பிறகு சைட் ஒழுங்காக ஓடியும் கிடைக்கவில்லை.

அதற்காக அந்த வேலை வீண் என்று சொல்ல மாட்டேன். தொங்கிப்போன பக்கத்தின் முன்னால் பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அவஸ்தை பெரிதும் குறைந்தது. ஆனால் யாருக்குக் கிடைக்கணும் என்பது வேறு கேள்வி. 2025 ஜூலையில் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணியிலிருந்தும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணியிலிருந்தும் முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குத் தடை போட்டார்கள். சரியோ தப்போ, நியாயத்தை நோக்கி எடுத்த அடி விதிமுறையில்தான் இருந்தது, மெமரியில் இல்லை.

வணிக நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான். இரண்டு மணி நேரம் ஓடிய அறிக்கை இரண்டு நொடியில் வந்தால் நல்லதுதான். ஆனால் மாதக் கணக்கு முடிய எட்டு நாள் ஆவது, ஏழு நாள் யாரோ ஒருத்தர் கையெழுத்துக்காகக் காத்திருப்பதால் என்றால், அந்த ஏழு நாளை எந்த ரேமும் குறைக்காது.

தேதி குறித்த புரட்சி

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லணும். எஸ்/4ஹானா ஹானாவின் மேல் மட்டும்தான் ஓடும். பழைய எஸ்ஏபி-யை ஆரக்கிளிலோ டிபி2-விலோ ஓட்டியவர்களுக்கு அந்தத் தேர்வு இனி இல்லை. பழைய மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரை, கூடுதல் கட்டணத்தில் 2030 கடைசி வரை என்று 2020-ல் அறிவித்தார்கள். ஐபிஎம் 2013-லும், மைக்ரோசாஃப்ட்டும் ஆரக்கிளும் 2014-லும் தங்கள் டேட்டாபேஸிலேயே இன்-மெமரி வசதியைக் கொடுத்துவிட்டன. ஆக, தொழில்நுட்பம் ஒரு கம்பெனியின் தனிச்சொத்து இல்லை. பல நிறுவனங்கள் மாறுவது வேகம் வேண்டி இல்லை, காலக்கெடு வருது என்பதால். புரட்சி என்றால் மக்கள் தாங்களாக எழணும். இதில் நோட்டீஸ் ஒட்டி எழுப்புகிறார்கள்.

அப்போ என்ன படிக்கறது?

நான் வேலை பார்த்த ஒரு மாற்றத் திட்டத்தில் நடந்தது, வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். ஹானாவுக்கு மாறியதும் ஒரு சரக்கு அறிக்கை படு வேகமாக வந்தது. மொத்தம் மட்டும் குறைந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. காரணம் பழைய ஏபிஏபி நிரல். வரிசைப்படுத்தச் சொல்லாமலேயே தரவை எடுத்து, அதன்மேல் பைனரி தேடல் செய்திருந்தார்கள். பழைய டேட்டாபேஸ் பழக்கதோஷத்தில் சாவி வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹானா அப்படி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. வரிசை கலைந்ததும் தேடல் பல வரிகளைத் தவறவிட்டது. கண்டுபிடித்தது எங்கள் குழு இல்லை. அந்தக் கிடங்குக் கணக்கை இருபது வருடமாகப் பார்க்கும் பெரியவர், "இந்த எண் இவ்வளவு கம்மியா இருக்காதே தம்பி" என்றார்.

நான் சொல்ல வருவது இதுதான். இன்டெக்ஸ் போடுவது, மொத்த டேபிள் கட்டுவது, இரவு முழுக்க ஓடும் ஜாப்களைக் கட்டி மேய்ப்பது போன்ற வேகம் சார்ந்த பழைய திறமைகளின் மதிப்பு குறையுது. டிரான்சாக்ஷன் கோடுகளை மனப்பாடம் செய்யவைத்து ஒரு சான்றிதழ் கொடுக்கும் கோர்ஸின் மதிப்பு அதைவிட வேகமாகக் குறையுது. கூடுவது மூன்று. ஒன்று, எஸ்க்யூஎல்-ஐ ஆழமாகத் தெரிந்திருப்பது. கணக்கிடும் வேலையை நிரலில் செய்யாமல் டேபேஸுக்கே தள்ளிவிடுவதுதான் இப்போதைய முறை. இரண்டு, பத்தி அமைப்பு, அகராதிச் சுருக்கம் போன்ற அடிப்படைகள். பெயர்ப்பலகை மாறினாலும் இவை மாறாது. மூன்று, கணக்கு. செயின்ட் ஜோசப்பிலோ ஜமாலிலோ பி.காம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு ஏசிடாக்கா என்ன செய்கிறது என்று ஒரு மணி நேரத்தில் புரியவைக்கலாம். பற்று வரவு தெரியாத பி.இ.-க்கு அது நூற்றுக்கணக்கான பத்திகள் உள்ள ஒரு டேபிள் மட்டும்தான்.

கோர்ஸில் சேருவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு பத்தி வகை டேட்டாபேஸை லேப்டாப்பில் போட்டு, பத்து லட்சம் வரி விற்பனைத் தரவைத் தாங்களே உருவாக்கி, ஒரே கேள்வியை இரண்டு வகையிலும் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஏன் வருது என்று ஒரு பக்கம் தமிழில் எழுத முடிந்தால் பாதி தூரம் வந்தாச்சு. கட்டணத்தைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.